சாத்திய கதவும் சிகாகோ வெயிலும்

வேலூர்க்காரர் ஒருவரிடம் போய், ‘அமெரிக்காவில் 41 டிகிரி வெயில் அடித்தது. அதைப் பற்றி ஒருத்தர் முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ‘எங்க ஊர்ல அதுக்குப் பேரு சித்திரை மாசம் சார்’ என்பார்.

நானும் அப்படித்தான் சிரித்தேன். பழைய புத்தகக் கடையில் எரிக் க்ளினன்பெர்க் எழுதிய ‘ஹீட் வேவ்’ கிடைத்தபோது, விலை மலிவு என்பதற்காக வாங்கினேன். நாற்பது பக்கம் படித்தேன். ‘இது அவங்க பிரச்னை’ என்று அலமாரியில் செருகிவிட்டேன். பல வருஷம் அங்கேயே தூசியோடு இருந்தது.

போன மே மாதம் அதை மறுபடி கையில் எடுத்தேன். எடுக்க வைத்தது இரண்டு பால் பாக்கெட்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் சி-4, மூன்றாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடிதான். அங்கே ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். மகன் அமெரிக்காவில். வேலைக்கு வரும் அம்மா ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். ஒரு காலையில் வாட்ச்மேன் என் கதவைத் தட்டினார். ‘சார், சி-4 வாசல்ல நேத்துப் பாலும் இருக்கு, இன்னிக்குப் பாலும் இருக்கு.’

கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றி, தளத்திலிருந்து இறங்கிய சூட்டை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஏசி இருந்தது, ஓடவில்லை. பெரியவர் கட்டிலில் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. ஏதேதோ முணுமுணுத்தார். தொட்டால் அனல். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

படித்தவர்கள் ஆறு பேர் அங்கே நின்றோம். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். பெரியவருக்குப் புரையேறியது. இன்னொருவர், ‘ஜுரம்தான்’ என்று பாராசிட்டமால் தேடினார். நானும் செயலாளரும் எந்த ஆஸ்பத்திரி, யார் கார் என்று விவாதித்தோம். 108 வண்டியில் வந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். எங்களை ஒரு பார்வை பார்த்தான். சட்டையைக் கழற்றினான், பக்கெட் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னான், உடம்பு முழுக்க நனைத்தான், ‘விசிறுங்க சார்’ என்றான். அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்சரே வந்தது.

போகும்போது கேட்டான்: ‘பேஷன்ட் பேரு?’

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ‘சி-4’ என்றார் செயலாளர்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால், ஆறு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேர் தெரியவில்லையே என்ற வெட்கம் போகவில்லை. அன்று ராத்திரி தூசி தட்டி அந்தப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

*

முதலில் கதை. 1995-ம் வருஷம் ஜூலை 13. சிகாகோவில் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 41 செல்சியஸ். வேலூர்க்காரர் சிரிக்கும் அளவுதான். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதையும் சேர்த்து உடம்பு உணர்ந்த சூடு 52 செல்சியஸுக்குப் பக்கம். ஈரக்காற்றில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வானிலை ஆய்வுத் துறையே சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று வெப்ப அலைக்குத் தனித்தனி அளவு வைத்திருக்கிறது.

சிகாகோவில் ராத்திரியும் சூடு இறங்கவில்லை. செங்கல் கட்டடங்கள் அடுப்பு மாதிரி ஆயின. ஏசி பாரம் தாங்காமல் 49 ஆயிரம் வீடுகளில் கரன்ட் போனது. தெருமுனைத் தீயணைப்புக் குழாய்களை ஜனங்கள் திறந்துவிட, பல இடங்களில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. 23 ஆஸ்பத்திரிகள் ‘புதிய நோயாளிகளுக்கு இடமில்லை’ என்று அவசரப் பிரிவை மூடின. பிணவறை நிறைந்து, வாசலில் ஒன்பது குளிர்சாதன லாரிகள் நிறுத்தி உடல்களை வைத்தார்கள். இறந்தவர்களில் 41 பேரைக் கேட்டு ஒரு உறவுகூட வரவில்லை. ஒரே பள்ளத்தில் அடக்கம் செய்தார்கள். உலகத்தின் பணக்கார நாட்டில், பணக்கார நகரங்களில் ஒன்றில்!

இந்தக் கட்டம் வரை எந்தப் பத்திரிகையாளரும் எழுதியிருப்பார். க்ளினன்பெர்க் அதே ஊர்க்காரர், சமூகவியல் படித்தவர். அவர் கேட்ட கேள்வி வேறு. வெயில் எல்லார் தலையிலும்தான் அடித்தது. ஏன் இவர்கள் மட்டும் செத்தார்கள்?

டாக்டர் உடலை அறுத்துப் பார்த்து மாரடைப்பு, சிறுநீரகம் என்று எழுதுவார். க்ளினன்பெர்க் நகரத்தையே மேஜையில் கிடத்தி அறுக்கிறார். சமூகப் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பேர் வைக்கிறார். உள்ளே அவர் கண்டது தனிமை, பயம், மூடிய கடைகள், எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும் நகராட்சி, அந்தந்த நாள் பரபரப்போடு நிறுத்திக்கொண்ட பத்திரிகைகள்.

*

நான் பி.காம். படித்தவன். அதனால் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த பகுதி கணக்குப் பகுதி.

வெயிலில் செத்தவர்கள் எத்தனை பேர்? எளிய கேள்விதான், ஆனால் பதில் எளிதில்லை. வெயில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. இதயம் பலவீனமானவருக்கு மாரடைப்பு வரும். சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதப்படும். குக் கவுன்டியின் தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹ்யூ இதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்புச் சூடு 105 ஃபாரன்ஹீட் இருந்ததா என்று மட்டும் பார்க்காமல், அறை எப்படி இருந்தது, ஜன்னல் மூடியிருந்ததா, கடைசியாக எப்போது உயிரோடு பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார். அந்த ஒரு வாரத்துக்கு 485 பேர் என்றார்.

மேயர் ரிச்சர்ட் டேலிக்கு இது பிடிக்கவில்லை. கோடையில் சாகிற எல்லாரையும் வெயில் கணக்கில் எழுதிவிட முடியுமா என்கிற தோரணையில் கேட்டார். நியாயமான சந்தேகம் மாதிரி தோன்றுகிறது இல்லையா? பதிலைச் சாதாரண லெட்ஜர் முறையே கொடுத்துவிட்டது. வழக்கமாக ஜூலையின் அந்த வாரத்தில் எத்தனை பேர் இறப்பார்கள்? இந்த வருஷம் எத்தனை பேர்? முன்னதைப் பின்னதிலிருந்து கழி. வித்தியாசம் 739.

அதாவது, மிகைப்படுத்துகிறார் என்று குற்றம் சாட்டப்பட்ட டோனஹ்யூ உண்மையில் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்!

இதை அமெரிக்க விவகாரம் என்று தள்ள முடியாது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. பிறகு இதே கழித்தல் கணக்கைப் போட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பிறகுதான் 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்கு ஆசியாவில் அதுதான் முதல். எண்ணினார்கள், அதனால் செயல்பட்டார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால், இறந்தது வெயிலால் என்று யார், எதைப் பார்த்து எழுதுவார்கள்? டோனஹ்யூ மாதிரி அறையையும் பார்ப்பார்களா? அந்தப் பதிலில்தான் 4 லட்சம் இருக்கிறது.

*

புத்தகத்தில் எல்லாரும் பேசுகிற அத்தியாயம், இரண்டு பேட்டைகளின் கதை. நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல். பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள். ஒரே வெயில். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம். நார்த் லாண்டேலில் 19 பேர் இறந்தார்கள். லட்சத்துக்கு 40 என்ற விகிதம். சவுத் லாண்டேலில் 3 பேர்; விகிதம் 4-க்கும் கீழே. பத்து மடங்கு வித்தியாசம்!

ஏன்? வடக்கே கறுப்பின மக்களின் பேட்டை. தொழிற்சாலைகள் மூடி, கடைகள் மூடி, பாதிப் பேர் ஊரைவிட்டே போய், காலி மனைகளும் போதைமருந்து வியாபாரமும் மிஞ்சிய இடம். கிழவர்கள் வெளியே வரப் பயந்து ஜன்னலையும் அடைத்துக்கொண்டு இருந்தார்கள். தெற்கே லத்தீன் அமெரிக்கர்கள் குடியேறிய பேட்டை. நடைபாதையில் வியாபாரம், கடைத்தெருவில் நெரிசல், சர்ச்சில் கூட்டம். ஒரு தாத்தா கடைக்குப் போனால் ஏசி காற்றும் கிடைக்கும், நாலு பேர் முகமும் கிடைக்கும். நடமாட்டம் உயிரைக் காப்பாற்றியது என்கிறார் க்ளினன்பெர்க்.

படிக்கும்போது எனக்கு மயிலாப்பூர் மாடவீதி நினைவுக்கு வந்தது. கூடவே, பெரிய கேட்டும் மூன்று செக்யூரிட்டியும் நீச்சல் குளமும் இருக்கிற புறநகர் அடுக்குமாடிகளும். இரண்டாவதில் கால் கிரவுண்டுக்கு எத்தனை லட்சம் என்று எல்லாருக்கும் தெரியும். எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் யார் என்று தெரியாது.

ஆனால், இங்கே ஒரு ‘ஆனால்’ போட வேண்டும். இந்த அத்தியாயம் அழகாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது. மிட்செல் டூனியர் என்ற இன்னொரு சமூகவியலாளர் இதைக் கடுமையாக விமர்சித்தார். பேட்டைக்கு உள்ள குணத்தை அதில் செத்த ஆளுக்கும் ஏற்றிச் சொல்ல முடியுமா? செத்த அந்த 19 பேர் நிஜமாகவே தெருவுக்குப் பயந்துதான் உள்ளே இருந்தார்களா? இது அவர் வாதம். கணக்குப் படித்தவன் என்ற முறையில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. 19 என்பதும் 3 என்பதும் சின்ன எண்கள். அவற்றின் மேல் இவ்வளவு பெரிய மாளிகை கட்டும்போது அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

இருந்தும் புத்தகத்தின் மையம் சாயவில்லை. காரணம், அது இந்த இரண்டு பேட்டையை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதே 1995 சாவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 1996-லேயே அந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே போகாதவர்கள், கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தவர்கள், ஏசி இல்லாதவர்கள். இவர்களுக்கே ஆபத்து அதிகம். சிநேகிதர்கள் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு.

மேல்தளம், தனியாள், வெளியே போவதில்லை... சி-4 பெரியவரின் ஜாதகம் அந்தப் பட்டியலில் இருந்தது. என் அலமாரியிலும் இருந்தது.

*

புத்தகத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. இதில் கிழவர்கள் வருகிறார்கள், மேயர் வருகிறார், நிருபர்கள் வருகிறார்கள். வெயிலில் நின்று வேலை செய்கிறவன் கிட்டத்தட்ட வருவதே இல்லை. சிகாகோவில் செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் செத்த முதியவர்கள் என்பதால் அவர் மேல் தப்பில்லை. ஆனால், இதை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தினால் பாதிப் படம்தான் கிடைக்கும். சாலையில் தார் ஊற்றுகிறவர், சித்தாள், செங்கல் சூளைக்காரர், வாசலில் பார்சலோடு நிற்கும் பையன்... இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாவதில்லை. இவர்களுக்கு வேண்டியது நிழலும், தண்ணீரும், உட்காருகிற நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காத முதலாளியும். ‘பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள்’ என்று வருஷா வருஷம் வரும் அறிவிப்பு இவர்களை நோக்கிச் சொல்லப்படவே இல்லை. அந்தப் புத்தகத்தை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம் குறை இல்லை, ஆனால் வாசகர் எதிர்பார்ப்பார். வெயிலில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்று இந்தப் புத்தகம் சொல்லாது. அது அதன் வேலை இல்லை. அன்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியாமல் போனதை, பிறகு டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இங்கே எழுதிவிடுகிறேன்.

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், அதிக வியர்வை. ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சீக்கிரம் சரியாகாவிட்டால் டாக்டர்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் உளறுகிறார், வலிப்பு, மயக்கம், உடம்பு கொதிக்கிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, உயிராபத்து. ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மற்றவர்கள் அந்த நிமிஷமே குளிர வையுங்கள். தண்ணீரால் முழுக்க நனைத்து விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். முதல் அரை மணி நேரம்தான் மூளையைக் காப்பாற்றும். வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். பாராசிட்டமால் உதவாது, இது கிருமியால் வந்த ஜுரம் இல்லை.

முதியவர்களுக்கு இன்னும் ஒன்று. வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். ‘தாகமில்லப்பா’ என்பார்கள், உடம்பு வறண்டிருக்கும். நீர் பிரியும் மாத்திரை, மனநோய் மருந்துகள் சில, ஆபத்தைக் கூட்டும். தானாக நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அறை அடுப்பாகிவிட்டால் ஃபேன் மட்டும் போதாது; உடம்பை நனைத்தால்தான் அந்தக் காற்றுக்குப் பலன்.

இதில் எதையும் விழுந்தவர் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாது என்பதைக் கவனித்தீர்களா? ஹீட் ஸ்ட்ரோக் முதலில் பறிப்பது புத்தியை. ‘தண்ணீர் குடியுங்கள், குடை பிடியுங்கள்’ என்ற அறிவுரை எல்லாம் தெளிவாக இருப்பவருக்கு. தெளிவு போனவருக்கு வேண்டியது இன்னொரு ஆள். க்ளினன்பெர்க் பல அத்தியாயங்களில் சொல்வதன் சாரம், எனக்குப் புரிந்தவரை, இதுதான்.

அது முடியாத காரியமும் இல்லை. 1999-ல் சிகாகோவில் மறுபடி அனல் அடித்தது. இந்தத் தடவை நகராட்சி முன்கூட்டியே எச்சரித்தது, குளிர்ந்த கூடங்களைத் திறந்தது, தனியாக இருக்கும் முதியவர்களைத் தேடி ஆள் அனுப்பியது. சாவு சுமார் 110. அதுவும் அதிகம்தான். ஆனால் 739 இல்லை. மாறாக, 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் முழுக்க விடுமுறையில் இருந்தபோது அனல் வந்தது. சுமார் 15 ஆயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். க்ளினன்பெர்க்கின் புத்தகம் வெளிவந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. படிக்காமல் அலமாரியில் வைத்தவன் நான் மட்டுமில்லை போலிருக்கிறது.

இப்போது எங்கள் கட்டடத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தனியாக இருப்பவர்கள் நாலு பேர். ஆளுக்கு ஒரு வீடு, கோடை முடியும் வரை தினமும் ஒரு தடவை காலிங் பெல். எனக்கு சி-4. பெரியவருக்கு இதில் கொஞ்சமும் சந்தோஷமில்லை. ‘டெய்லி வந்து நான் உயிரோட இருக்கேனான்னு பாக்கறீங்களா?’ என்று கேட்டார். ‘ஆமா சார்’ என்றேன். முறைத்தார். பிறகு, ‘வந்ததுதான் வந்தீங்க, உள்ள வந்து மோர் சாப்பிட்டுப் போங்க’ என்றார்.

அவர் பேர் இப்போது எனக்குத் தெரியும். பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

உங்கள் கட்டடத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருப்பவர் பேர் என்ன?